‘முற்றும்’ போட்ட பிறகு வந்த அத்தியாயங்கள்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள மதிலில் தேர்தல் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளி நிறையக் காய்ச்சிய மாப்பசை. ஆடு மாடு கடிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலந்திருந்தார்கள். புளித்த மாவும் செம்பும் சேர்ந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. பசறை பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. நான் வேலை பார்த்த நூலகத்தின் பின்னறை முழுக்க இந்த மணம்தான் இருந்தது. என் பொறாமைக்கும் இதே மணம்தான்.

இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். கணினி வந்துவிட்டதாம், எந்தப் புத்தகம் அதிகம் வெளியே போகிறது என்பதை அதுவே சொல்லிவிடுகிறதாம். பார்த்தால் நிஜத்தை வளைத்துப் பார்க்கும் விஞ்ஞானக் கதைகள்தான் முன்னால் நிற்கின்றன. நேற்று நடந்தது இன்று நடக்காமல் போகிற கதை, ஒருவன் தூங்கி எழுந்தால் ஊரே வேறாக இருக்கிற கதை. “தோட்டத்து ஆளுங்க கூட இதத்தான் கேக்குறாங்க மிஸ். ஏன்னு நீங்க எழுதுங்க” என்றார்கள். வசன கவிதை எழுதுகிறவளிடம் போய் இதைக் கேட்க எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை. ஒரு தொகுதி போட்டிருக்கிறேன். அதே நூலகத்தில், ஜன்னலோரத் தட்டில், வெயில் பட்டு ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப்போய் நிற்கிறது. வெயிலைத் தவிர வேறு யாரும் அதை எடுத்ததாகத் தெரியவில்லை.

அதனால் நடுநிலையோடு எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். வயிற்றெரிச்சலோடு பார்த்ததை வயிற்றெரிச்சலோடேயே எழுதுகிறேன்.

கொழும்பில் பயிற்சி. மழை, விடுதிச் சோறு, புத்தகங்களை வகைபிரிக்கும் தசம எண்கள். அவ்வளவுதான் அந்த வருடங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பதுளைக்கு வேலைக்கு வந்தபோது எனக்குத் தலைமை நூலகராக இருந்தவர் சிவபாதம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். சண்டையால் ஊருக்குப் போக வழி இல்லாத காலம். வெள்ளைச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, மடிப்பு கலையாமல் நாள் முழுக்க இருப்பார். குரலை உயர்த்தமாட்டார். நாம் ஒரு வேலையைப் பிழையாகச் செய்தால் திட்டவும் மாட்டார். நம் கண்ணெதிரிலேயே, ஒன்றும் பேசாமல், அதை முதலிலிருந்து செய்து காட்டுவார். அதைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவருடைய உயிர், வாராந்தப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தொகுப்பது. புத்தகம் வாங்கக் காசு ஒதுக்கமாட்டார்கள். வாரப் பத்திரிகை மட்டும் தபாலில் வரும். தொடர் முடிந்ததும் அதைப் புத்தகமாக்கிவிடுவார். முதலில் கம்பி ஊசிகளைக் கத்தி முனையால் கிளப்புவார். தாள்களை ஒற்றை ஒற்றையாகப் பிரிப்பார். பிறகு கத்தரிக்கோல். விளம்பரம் போகும். மேலே இருக்கும் பூ வேலைப்பட்டை போகும். வாரத் திகதியும் அத்தியாய எண்ணும் அந்தப் பட்டைக்குள்தான் இருக்கும், அவையும் போகும். ‘முன்கதைச் சுருக்கம்’ என்ற கட்டமும் போகும். “பிள்ளை, வாசகருக்குக் குடுக்கிறது புத்தகமா இருக்கவேணும். கடலை சுத்தின பேப்பரா இருக்கக்கூடாது” என்பார். மிஞ்சுவது சுத்தமான கதை. அதைப் பலகைகளுக்கு நடுவில் அழுத்தி, குத்தூசியால் ஓரத்தில் துளையிட்டு, மெழுகுதிரியில் இழுத்த நூலால் தைப்பார். மயில்துத்தம் கலந்த பசை தடவி, முதுகுக்குக் காலிக்கோத் துணி ஒட்டுவார். நூலை இழுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். வேறு யாரும் தாளைத் தொடக்கூடாது.

அத்தியாய எண் இல்லாமல் வரிசை எப்படித் தெரியும்? வந்த வரிசைதான் வரிசை. வாரா வாரம் வெட்டியதை ஒன்றன்மேல் ஒன்றாக அட்டைப்பெட்டியில் வைப்பார். அந்த அடுக்கை அவர் கடவுளைப்போல் நம்பினார். பல வருடம் அதில் ஒரு தாள் மாறியதில்லை.

அப்படித்தான் குணசீலன் என்ற பெயரில் ஒரு தொடர் வந்தது. ‘சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்’. தெமோதரைப் பக்கம் ரயில் பாதையைச் சரிபார்த்து நடக்கும் ஒரு தொழிலாளி. கையில் விளக்கும் சம்மட்டியும். ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தால் உலகத்தில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். ஒன்றே ஒன்று. ஒருநாள் கோவில் இருந்த இடத்தில் குளம் இருக்கும். ஒருநாள் அவன் வீடு எதிர் மலையில் இருக்கும். மாறியது அவனுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு எப்போதுமே அப்படித்தான் இருந்திருக்கும். அப்படி ஒருநாள் வெளியே வந்தபோது அவன் தங்கை இல்லாமல் போகிறாள். தங்கையா, உனக்கு ஏது தங்கை என்று அம்மாவே கேட்கிறாள். அவளைத் தேடி அவன் மறுபடி மறுபடி சுரங்கத்துக்குள் போகிறான்.

நான் அதை அப்போது வாசிக்கவில்லை. வாசித்தால் பிடித்துவிடுமோ என்று பயம்.

அந்த மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து தபால் பைகள் வழியில் தேங்கின. சில வாரங்கள் பத்திரிகையே வரவில்லை. பாதை திறந்தபோது புதிய இதழ்கள் முதலில் வந்தன. கடைசி இதழில் ‘முற்றும்’ என்று இருந்தது. சேர் வெட்டி வைத்தார். அதன் பிறகு, எங்கோ ஈரத்தில் கிடந்த ஒரு கட்டு வந்து சேர்ந்தது. அதிலும் அதே கதை, ஐந்து அத்தியாயம். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கதை முடிஞ்சுது எண்டு போட்டவை. பிறகும் வருகுது. வாசகர் விடேல்லைப் போல.”

வேறு எந்தக் கதையாக இருந்தாலும் அவருக்குப் பிடிபட்டிருக்கும். செத்தவன் எழுந்து வந்தால் தெரிந்துவிடும். கல்யாணம் முடிந்தவளுக்குப் பெண் பார்க்க வந்தால் தெரிந்துவிடும். இந்தக் கதையில் இல்லாதவள் வருவதும் இருந்தவள் மறைவதும்தானே கதை. சேர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதைத் தலைகீழா வாசிச்சாலும் இப்பிடித்தான் இருக்கும்” என்று சொல்லி, நூலை மெழுகில் இழுத்தார். நடுவில் வரவேண்டிய ஐந்து அத்தியாயமும் ‘முற்றும்’ என்ற சொல்லுக்குப் பிறகு, புத்தகத்தின் கடைசியில் போய் உட்கார்ந்தன.

நடமாடும் நூலக வண்டியில் அதை ஏற்றினோம். பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு மாதம் இரண்டு தடவை போவோம். அந்தப் புத்தகம் அதற்குப் பிறகு தட்டில் நின்றதே இல்லை. ஒரு லயத்து வரிசை வீடுகளிலிருந்து அடுத்த லயத்துக்கு அவர்களே கைமாற்றிக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது அடுப்புப் புகை, தேங்காயெண்ணெய், ரொட்டி மா, எல்லாம் அதில் ஏறியிருந்தது. மூலைகள் காதுபோல மடங்கியிருந்தன. நான் அந்த மூலைகளைத் தடவிப் பார்ப்பேன். என் தொகுதியில் ஒரு மூலையாவது யாராவது மடக்கியிருக்கக் கூடாதா?

“சுரங்கக் கதை வேணும்னா இதையும் சேத்து எடுக்கணும்” என்று என் கவிதைப் புத்தகத்தை அதனோடு கொடுத்துப் பார்த்தேன். எடுத்துப் போனார்கள். மறுதடவை கழுவித் துடைத்த தட்டைப்போல அது திரும்பி வந்தது.

“கவிதை எப்படி?” என்று ராஜாமணியிடம் ஒருநாள் கேட்டேன். கொழுந்து பறிப்பவள். என்னைவிடச் சில வயது மூத்தவள். அவளுடைய லயத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோருக்கும் உரக்க வாசிப்பது அவள்தான்.

“நல்லாருக்கு மிஸ். மழை பேயுது, பனி மூடுது, மனசு கனக்குதுன்னு எழுதியிருக்கீங்க. அது எங்களுக்கே தெரியுமே.”

“இதுல மட்டும் என்ன இருக்கு?”

“இதுலயும் பீலியில ஊத்துற அதே தண்ணிதான், காலையில பேரு குடுக்குற அதே பெரட்டுத்தான், அதே ஒத்தையடிப் பாததான். எல்லாம் அப்படியே இருக்கு, ஒண்ணு மட்டும் மாறிப்போவுது. அதான் பயமா இருக்கு. ஆசையாவும் இருக்கு.” கொஞ்சம் யோசித்தாள். “எங்க சித்தப்பா இந்தியாவுக்குப் பதிஞ்சாரு. பேரு வந்துச்சு, கப்பலுக்குப் போவல. இங்க கேட்டா நீ அந்த நாட்டு ஆளுங்குறான். அங்க எழுதிக் கேட்டா நீ வரவே இல்லயேங்குறான். சாவுற வரைக்கும் ரெண்டு நாட்டுலயும் இல்லாம இந்த லயத்துக் காம்பராவுலயே இருந்தாரு. இந்தக் கதையெல்லாம் எங்களுக்குப் புதுசா மிஸ்?”

ஆண்டு மலர்ப் பிள்ளைகளே, நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அதுதான். அன்று அதை நான் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. அடிபட்ட மாதிரி எடுத்துக்கொண்டேன். வண்டியில் திரும்பும்போது மலை முழுக்கப் பனி. நான் அந்தப் பனியைப் பற்றி எழுதியிருந்த வரிகள் ஞாபகம் வந்து கூசின. நான் பனியைப் பார்த்து அழகழகாகப் பெயர் வைத்திருந்தேன். குணசீலன் என்ற அந்த மனிதர் பனி விலகும்போது எதிர் மலையில் ஒரு வீட்டைக் குறைத்துவிட்டிருந்தார்.

ஒருநாள் காலையில் குணசீலனே நூலகத்துக்கு வந்தார். வெலிமடையில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர், என் வயதுதான், நகக்கண்ணில் கிழங்கு மண், சட்டையில் லீக்ஸ் வாடை. சேருக்கென்று ஒரு கட்டு கரட் கொண்டு வந்திருந்தார். இவரா என்று எரிந்தது. ஒரு நீண்ட தாடியாவது இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும்.

“பசறைச் சந்தையில ஒரு அம்மா என்னக் கையெடுத்துக் கும்புட்டாங்க சேர். தங்கச்சியக் கொண்டாந்து சேத்துட்டீங்களேன்னு. நா அப்படி எழுதவே இல்ல. என்ன புத்தகம் சேர் அது?”

புத்தகம் வெளியே இருந்தது. அவர் கதையில் நடந்ததை, அத்தியாயம் அத்தியாயமாக, மேசையில் விரலால் வரிசை காட்டிச் சொன்னார். உண்மைக் கதையில் தங்கை நடுவில் ஒருதடவை திரும்பி வருகிறாள். கதவைத் திறக்கிறாள். அண்ணன் அதோடு நின்றிருக்கலாம். மாறிப்போன மற்றதையும் சரிசெய்கிறேன் என்று மறுபடி சுரங்கத்துக்குள் போகிறான். வெளியே வரும்போது அவள் பிறக்கவே இல்லாத உலகம். ஆளில்லாத ரயில் மேடை. முற்றும்.

சிவபாதம் சேர் கேட்டுக்கொண்டே இருந்தார். மடித்த சட்டைக் கை ஒன்று அவிழ்ந்து தொங்கியது, அவர் கவனிக்கவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

“பிழை எண்டால் பிழைதான். இண்டைக்கு வண்டி போற நாள்தானே, பிள்ளை? இவரையும் கூட்டிக்கொண்டு போய் அந்தப் புத்தகத்தை வாங்கி வாரும். பிரிச்சுத் தைக்கவேணும்.”

கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் வண்டி நின்றது. நிறுவை முடிந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு ஈரத்தோடு. இவர்தான் சுரங்கக் கதை எழுதினவர் என்று சொன்னேன். பவளம் என்பவள் மேலும் கீழும் பார்த்தாள்.

“இவரா? நா என்னமோ செவத்த ஆளா, கண்ணாடி போட்டிருப்பாருன்னு நெனச்சேன். மரக்கறிக் கடை மொதலாளி மாதிரியில்ல இருக்காரு.”

“மரக்கறிக் கடைதாங்க” என்றார் குணசீலன்.

“அப்ப ஏன்யா கரட் வெலய மட்டும் மாத்தத் தெரியல ஒங்களுக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து இப்படி யாரும் கேலி பண்ணியதில்லை. கேலி பண்ணுமளவுக்கு என்னை யார் வாசித்தார்கள்?

ராஜாமணி புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தாள். குணசீலன் விஷயத்தைச் சொன்னார். “மாறித் தச்சிருக்கு அக்கா. கடைசியில இருக்கிற அஞ்சும் நடுவுல வரணும். முடிவுல தங்கச்சி வரமாட்டா.”

சிரிப்பு நின்றது.

“அப்ப நடுவுல ‘முற்றும்’னு இருக்கே?” என்றாள் ராஜாமணி.

“அதுதான் நெசமான முடிவு.”

“நாங்க அத நீங்க வேணும்னே போட்டதுன்னு நெனச்சோம். முடிஞ்சிருச்சேன்னு அழுதுட்டு அடுத்த பக்கத்தத் திருப்புனா கதை போவுது. இந்தப் பவளம் கையத் தட்டுனா.”

பவளம் தலையாட்டினாள். குணசீலன் முகத்தில் ஒரு நிழல் ஓடியதை நான் பார்த்தேன். தான் யோசிக்காத ஒன்றுக்குக் கிடைத்த கைதட்டல். எனக்கு அந்த நிழல் நன்றாகத் தெரியும். பல வருடமாக என் முகத்திலேயே குடியிருக்கிறது.

“இப்ப கொண்டுபோயி என்னா செய்வீங்க?” ராஜாமணி கேட்டாள்.

“பிரிச்சு ஒழுங்காத் தைக்கணும்” என்றேன் நான்.

அவள் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. கொழுந்துக் கறை பிடித்த விரல்கள் அட்டையை அழுத்திப் பிடித்திருந்தன.

“ஐயா, அந்தச் சொரங்கத்துக்குள்ள ஒருவாட்டி போயி வந்தா ஏதாவது ஒண்ணு மாறும்னு எழுதுனது நீங்கதானே?”

“ஆமா.”

“ஒங்க கதையும் ஒருவாட்டி உள்ள போயி வந்திருக்கு. மாறித்தான் இருக்கும்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். தன் தங்கை கல்யாணமாகி இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது, இரண்டு கடிதம் வந்து நின்றுபோனது, அம்மாவுக்குப் பார்வை போனது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கேட்டுக் கலைந்த பிறகு, அம்மா கடைசி அத்தியாயத்தை மட்டும் திரும்ப வாசிக்கச் சொல்கிறாள்.

“கதைன்னு அவங்களுக்குத் தெரியுமில்ல?” என்று குணசீலன் கேட்டார்.

“தெரியாமலா? கதையிலயாவது வந்து கதவத் தொறக்கட்டுமேங்குது.”

“எனக்கு ஒருவாட்டி வாசிச்சுக் காட்டுங்க.”

வண்டிப் படியில் உட்கார்ந்து வாசித்தாள். ராகமில்லாமல், அழுத்தமில்லாமல், கொழுந்து நிறுக்கிறவன் எடை சொல்வதுபோல. அண்ணன் சுரங்கத்திலிருந்து வருகிறான். விளக்கை அணைக்கிறான். கதவைத் தட்டுகிறான். “ஏண்ணே இவ்வளவு நேரம் என்று கேட்டபடி லெச்சுமி கதவைத் திறந்தாள்.”

நான் அதற்குள் கதையை வாசித்திருந்தேன். தங்கையின் பெயர் அதில் மல்லிகா. குணசீலன் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து புத்தகத்தை அவள் கையிலேயே மூடிவைத்தார்.

திரும்பும் வழியில் குணசீலன் சொன்னார்: “வயிறு எரியுது மிஸ்.”

“யார் மேல?”

“அந்தப் புத்தகத்து மேல. எம் பேருதான் போட்டிருக்கு. நா எழுதுனதவிட அது நல்லாருக்கு.”

எனக்கு அன்று வந்த நிம்மதியைச் சொல்ல நாக்குக் கூசுகிறது. ஒரே ஆசனத்தில், ஒரே குலுக்கலில், பொறாமை பிடித்த இரண்டு பேர். ஜன்னலில் மலைகள் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு திரும்பின. சந்தோஷம் பசறையிலிருந்து பதுளை வரைதான் நின்றது. அவருக்கு அவருடைய கதைமேல்தான் பொறாமை. அவர் கதைக்கு இரண்டு வாழ்க்கை. என் கவிதைகளைச் சீட்டுக்கட்டுப்போல் குலுக்கித் தைத்தாலும் யாரும் வந்து கேட்கமாட்டார்கள். வரிசை மாறியதே தெரியாது. எனக்குங்கூட.

சேர் விடவில்லை. குணசீலனிடம் இருந்த இதழ்களை வருவித்து, இன்னொரு தொகுதி செய்தார். இந்தத் தடவை பூப்பட்டையை வெட்டவில்லை. ஒவ்வொரு அத்தியாய எண்ணையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லி என்னிடம் கேட்டு, சரிபார்த்துத் தைத்தார். நான் தாளைத் தொட அவர் விட்டது அந்த ஒரு தடவைதான். பழையதைப் பிரிக்கவேணும், பிரிக்கவேணும் என்று ஓய்வு பெறும் நாள்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாளும் அதைக் கேட்டு வாங்கவில்லை.

சரியான தொகுதியை யாரும் எடுக்கவில்லை. ஜன்னலோரத்தில், என் தொகுதிக்குப் பக்கத்தில் நின்றது. அங்கேயும் அது என்னைவிட ஒரு படி மேல். அதன் முதுகு சேர் தைத்தது, அசையாது. என்னுடையது யாரும் வாசிக்காமலே முதுகு விட்டுப்போனது.

நான் வயது வருமுன்பே ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தேன். பிறர் புத்தகங்களுக்குத் தூசி தட்டி அலுத்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். கடைசித் தடவையாக வண்டியில் பசறைப் பக்கம் போனேன். அதற்கு முந்திய சுற்றில் ராஜாமணி தனியாக வந்து, “அந்த மத்தப் புத்தகம் இருக்கா மிஸ்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்கியிருந்தாள். இப்போது திருப்பிக் கொண்டுவந்தாள். தலை நரைத்திருந்தது. எண்ணெய் இல்லை, புகை இல்லை, ஒரு மூலை மடங்கவில்லை.

“வாசிச்சீங்களா?”

“மலையில, சாப்பாட்டு நேரத்துல வாசிச்சேன். தனியா.”

“எப்படி?”

அவள் எதிர் மலையைப் பார்த்தாள். “இதுதான் நல்ல கதை மிஸ். அந்த மேடையில ஒருத்தருமில்லாம அவன் நிக்கிறானே, ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல.”

ஒரு மனிதர் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதிய ஒன்று, இவள் சோற்றைத் தடுத்திருக்கிறது. நான் புத்தகத்தை வாங்கித் தட்டில் வைத்தேன். வண்டியை ஓட்டுபவர் எஞ்சினைக் கிளப்பிவிட்டார். பவளத்தின் மகள் உட்பட இளம் பெண்கள் படியில் முண்டிக்கொண்டு புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; இப்போது லயத்தில் எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும், உரக்க வாசிக்க ராஜாமணிதான் வேண்டும் என்றில்லை. ராஜாமணி அவர்களை ஒருதடவை பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்தாள்.

“ஒங்களுக்குப் பொறகு வர்றவங்ககிட்டயும் சொல்லிட்டுப் போங்க மிஸ். எங்கம்மா இருக்கிற வரைக்கும் இந்தப் புத்தகத்த வண்டியில ஏத்த வேணாம்.”